பறவைக் கணக்கும் நம் குடியிருப்பும்



இசையும் நாடகமும் காத்திருக்கும் வேளையில், காக்கை குருவிகளைப் பற்றிப் பேச ஒருவனை மேடையேற்றியிருக்கிறீர்கள். உங்கள் பொறுமையை நீண்ட நேரம் சோதிக்க மாட்டேன்.

தில்லி மாநகருக்குப் பறவை நோக்குதல் புதிதன்று. 1950ஆம் ஆண்டிலேயே ஹோரேஸ் அலெக்சாண்டர் முதலானோர் இங்கே அதற்கென ஒரு சங்கம் கண்டனர். இந்திரா காந்தி அம்மையாரும் அதில் பங்கு கொண்டவர். உஷா கங்குலி அம்மையார் தில்லிப் பறவைகளைப் பற்றி எழுதிய நூல், அவர் மறைந்த பின் 1975இல் வெளிவந்தது. இவர்களுக்கெல்லாம் பறவை ஆராய்ச்சி பிழைப்பன்று. ஓய்வு நேரத்து விருப்பமே.

அந்த விருப்பம் இன்று எவ்வளவு வளர்ந்திருக்கிறது தெரியுமா? 2023இல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' என்னும் அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. அதற்கு ஆதாரம் தந்தவர்கள் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள். நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதிய குறிப்புகள் கிடைத்தவை 338 இனங்களே. அவற்றில் 204 இனங்கள் குறைந்துள்ளன. நம் ஊர்ப் பக்கத்து மின்கம்பிகளில் வீற்றிருக்குமே பனங்காடை, அதுவும் குறைந்து வருவனவற்றுள் ஒன்று.

பறவைகள் ஓரிடத்தில் நிற்பதில்லையே, அவற்றை எப்படி எண்ணுவது என்று கேட்பீர்கள். முறை மிக எளியது. ஓரிடத்தில் பதினைந்து நிமிடம் நின்று, கண்ட பறவை, குரல் கேட்ட பறவை அனைத்தையும் எழுதி, ஈபேர்ட் என்னும் இணையதளத்தில் பதிய வேண்டும். 'அனைத்தையும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நூறு பட்டியல்களில் எத்தனையில் மைனா இடம்பெற்றது என்று கணக்கிடுகிறார்கள். அறுபதில் இருந்த பறவை நாற்பதில் மட்டும் இருக்குமானால், அது அருகி வருகிறது என்று கருத இடமுண்டு. அரிய பறவையை மட்டும் எழுதிவிட்டுக் காக்கையை விட்டுவிட்டால் கணக்கு கெட்டுப்போகும். ஆதலால், ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய காமிராவுடன் ஆண்டுக்கொரு முறை ஓக்லா நீர்நிலைக்குச் செல்லும் அன்பரைவிட, துணி உலர்த்த மாடிக்கு வரும் நம் வீட்டுப் பெண்மணி நாள்தோறும் எழுதும் ஐந்து காக்கையும் மூன்று மைனாவும் இந்த வேலைக்கு அதிகம் உதவும். காமிரா நண்பர்கள் பொறுத்தருள்க.

சிட்டுக்குருவியை எடுத்துக்கொள்வோம். 2012இல் தில்லி அரசு அதனைத் தன் மாநிலப் பறவையாக அறிவித்தது. கைபேசிக் கோபுரங்களே அதை அழித்தன என்று நாமெல்லாம் பேசி வந்தோம். 2020இல் வந்த முதல் அறிக்கை வேறு செய்தி சொன்னது. நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் குருவியின் தொகை பெரிதும் மாறவில்லை, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது. கோபுரக் கதைக்குத் தக்க சான்று இல்லை. குஞ்சுக்கு ஊட்டப் புழுபூச்சி இல்லை, கூடுகட்டச் சுவரில் பொந்து இல்லை என்பனவே பொருந்தும் காரணங்கள். கோபுரத்தை நாம் அசைக்க முடியாது. சுவரில் ஒரு பொந்தை விட்டுவைக்க நம்மால் முடியும்.

மரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 ஜூன் திங்களில் சரோஜினி நகர், நேதாஜி நகர் உள்ளிட்ட ஏழு அரசுக் குடியிருப்புகளைப் புதுப்பிக்கப் பல ஆயிரம் மரங்கள் வெட்டப்படும் என்ற செய்தி பரவியது. நம்மவர் பலர் பணிக்காலம் முழுதும் வாழ்ந்த தெருக்கள் அவை. மக்கள் திரண்டு மரங்களைத் தழுவி நின்றனர். உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அத்தகைய நாளில் கண்ணீரைவிடக் கணக்கு வலியது. சாம்பல் இருவாய்ச்சி முதிய மரத்தின் பொந்தில்தான் முட்டையிடும். பெண் பறவை உள்ளே தன்னை அடைத்துக்கொள்ள, ஆண் பறவை வாயில் வழியே இரை ஊட்டும். வெட்டிய மரத்துக்கு ஈடாக நடும் கன்றில் அந்தப் பொந்து உண்டாகப் பல பத்தாண்டுகள் ஆகும். இன்ன மரத்தில் இன்ன ஆண்டு இருவாய்ச்சி கூடு வைத்தது என்று தேதியிட்ட குறிப்பு ஒன்று நம் கையில் இருந்தால், மனு எழுதுவோர் அதை மேற்கோள் காட்டலாம்.

பிள்ளைகளுக்கு ஒரு சொல். ஆகஸ்டு 15 அன்று தில்லி வானில் பட்டங்கள் நிறைகின்றன. கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல் பருந்தின் சிறகை எலும்புவரை அறுத்துவிடும். செங்கோட்டைக்கு எதிரே, ஜைனக் கோயில் வளாகத்தில் உள்ள பறவை மருத்துவமனையில் அந்த நாள்களில் சென்று பாருங்கள், போதும். 2017 முதல் தில்லியில் வெறும் பருத்தி நூலுக்கு மட்டுமே அனுமதி. நூல் வாங்கிக் கொடுப்பவர்கள் பெற்றோர்களாகிய நாமே என்பதால் இதனைப் பெரியவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் நாள்களில் பறவைகளை எண்ணி வருகிறார்கள். நமக்குப் பிப்ரவரி உகந்தது. உலகெங்கும் நான்கு நாள் நடைபெறும் எண்ணிக்கையில் இந்தியா 2013 முதல் பங்கு கொள்கிறது. குளிர்கால விருந்தாளியான வாலாட்டிக் குருவியும் அப்போது இங்கேதான் இருக்கும். தொகுதிக்கு ஒரு வீட்டார் காலையில் மாடியேறினால் போதும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. 2000ஆம் ஆண்டுக்கு முந்தைய குறிப்புகள் மிகக் குறைவாகவே கிடைக்கின்றன. பழைய நிலையை அறிய அவையே அடிப்படை. அந்த நாள்களில் நாட்குறிப்பு எழுதும் பழக்கமுடைய பெரியவர்கள் நம்மிடையே பலர் உளர். பால் கணக்குக்கும் ரயில் பயணத்துக்கும் இடையே, தேதியோடு, ஜன்னலில் குருவி கூடு கட்டியதாக ஒரு வரி இருந்தாலும் அந்த நோட்டைச் சங்க நூலகத்துக்குக் கொண்டு வாருங்கள். படியெடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருகிறோம்.