மூச்சின் அளவும் குடும்பத்தின் கடமையும்

(நமது சங்கத்தின் மயிலாப்பூர் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணம் கற்பிக்கும் யாம் மூச்சைப் பற்றிப் பேசப் புகுந்தது ஏன் என வினவுவீர்கள். எழுத்தொலியெல்லாம் உந்தியினின்றெழும் காற்றாற் பிறப்பன என மாணாக்கர்க்கு நாடோறும் உரைக்கும் யாம், எம் அன்னையாரின் மூச்சுக் குறைவதை அறியாதிருந்தோம். அக்குற்றத்தை ஒப்புக்கொள்ளவே இங்கு வந்தோம்.

அன்னையார்க்கு இரைப்பு நோய், அதாவது ஆஸ்துமா, பல்லாண்டாக உண்டு. கேட்டபோதெல்லாம் “ஒன்றுமில்லையப்பா” என்பார், யாமும் நம்பினோம். சென்ற ஆண்டு போகிப் புகை மயிலைத் தெருக்களை மூடிய விடியற்காலையில், அவரை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல நேர்ந்தது. இறைவனருளால் பிழைத்தார்.

பின்னர் மருத்துவர் பீக் ஃப்ளோ மீட்டர் என்னும் சிறு ஊதுகருவியை வாங்கச் செய்தார். காலையும் மாலையும் நின்றுகொண்டு, மூச்சை நிறைய இழுத்து, வாய் பொருந்த வைத்து விரைந்து ஊதினால், காற்றின் வேகம் நிமிடத்திற்கு இத்தனை லிட்டர் என முள் காட்டும். மும்முறை ஊதி, மிகுந்த அளவை எழுதுதல் வேண்டும். உடல் நலமாயுள்ள இரண்டு மூன்று வாரங்களிற் கிட்டும் உச்ச அளவே அவரவர்க்கு உரைகல். அதில் நூற்றுக்கு 80க்கு மேலாயின் அச்சமில்லை. 50க்கும் 80க்கும் இடையாயின் மருத்துவர் முன்னரே எழுதித் தந்த முறைப்படி நடந்து அவரைக் காண்க. 50க்குக் கீழாயின், உடனே நிவாரண மருந்தை உறிஞ்சி, கணமும் தாமதியாது மருத்துவமனை செல்க.

அன்னையாரின் உச்சம் 300. இவ்வாண்டு போகிக்கு இரு நாள் முன்பு குறிப்பேடு 210 என்றது. அவரோ வழக்கம்போல் “ஒன்றுமில்லையப்பா” என்றார். யாம் ஏட்டை நம்பி அன்றே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். பொங்கலன்று தம் கையாலேயே பால் பொங்க வைத்தார்.

வீட்டிலிருந்தே நுரையீரலைப் பேணுதல் சென்னைக்குப் புதிதன்று. சேத்துப்பட்டில் 1956-இல் தோன்றிய ஆராய்ச்சி நிலையம், வீட்டிலிருந்து ஒழுங்காக மருந்துண்ணும் க்ஷயரோகிகள் சானடோரியத்தில் உள்ளோரைப் போன்றே குணமடைவர் என்பதை 1959-இல் உலகிற்கு உணர்த்திற்று. இங்கிலாந்தின் ரைட் என்பார் இக்கருவியின் மூல வடிவை மருத்துவ ஏட்டில் விளக்கியதும் அவ்வாண்டே.

ஒன்று கூறல் வேண்டும். க்ஷயத்தின் வடுவாலோ, சுருட்டு, விறகடுப்புப் புகையாலோ நுரையீரல் நைந்தோர்க்கு இக்கருவி மட்டும் போதாது. அவர்கள் மருத்துவமனையில் ஸ்பைரோமீட்டர் சோதனை செய்துகொள்ளல் வேண்டும்.

அன்பர்களே! கருவியின் விலை பெரிதன்று, நாணமே பெருந்தடை. பெண் கொடுப்பதிலும் கொள்வதிலும் குறை நேருமென்று இந்நோயை மறைக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. அது ஒழிக! மயிலையிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலுமுள்ள நம் இல்லந்தோறும், பஞ்சாங்கத்தின் அருகே மூச்சுக் குறிப்பேடு ஒன்றும் இருப்பதாக!