உதடும் ஒலியும்

(கம்பைநல்லூரில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது நம்மில் பலர் கைப்பேசியில் பாடம் பதிவு செய்யப் பழகினோம். ஆண்டு விழாவை டிவிடியில் பதிந்து பெற்றோருக்குக் கொடுக்கும் வழக்கம் அதற்கும் முந்தையது. இரண்டிலும் ஒரே தொல்லை: வாய் ஒரு நேரம் அசைகிறது, சொல் வேறு நேரம் கேட்கிறது.

படம் தெரிந்தால் போதாதா என்பார்கள். ல, ள, ழ கற்பிக்கும் பாடத்தில் போதாது. 1976இல் மெக்கர்க், மெக்டொனால்டு என்ற உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 'பஸ்' என்பதன் முதல் ஒலியை, 'கவர்மென்ட்' என்பதன் முதல் ஒலியை உச்சரிக்கும் முகத்தோடு சேர்த்துக் காட்டினார்கள். பலருக்கும் 'டாக்டர்' என்பதன் முதல் ஒலி கேட்டது! காது கேட்பதைக் கண் மாற்றிவிடுகிறது. செவித்திறன் குறைந்த மாணவரோ உதட்டை நம்பியே பாடத்தைப் பின்தொடர்கிறார்.

சரிசெய்யும் முன் பதிவின் தொடக்கத்தையும் முடிவையும் ஓட்டிப் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே அளவு விலகல் என்றால் வேலை எளிது. நம் நாட்டு டிவிடியில் நொடிக்கு 25 படங்கள். ஒரு படம் 40 மில்லி நொடி. 12 படம் விலகியிருந்தால் ஒலியை 480 மில்லி நொடி நகர்த்தினால் முடிந்தது. திரைப்படக்காரர்கள் கிளாப் பலகை அடிப்பது இதற்காகத்தான். நமக்குப் பலகை வேண்டாம், கேமரா முன் ஒருமுறை கைதட்டினால் போதும். கைகள் சேரும் படத்தையும் அந்தச் சத்தத்தையும் ஒன்றாக வைத்துவிடலாம்.

தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால்தான் தலைவலி. பெரும்பாலும் கைப்பேசிதான் காரணம். வெளிச்சம் குறைந்தால் அது நொடிக்கு எடுக்கும் படங்களின் எண்ணிக்கையைத் தானே குறைத்துக்கொள்கிறது. தொகுப்பு மென்பொருளோ சீரான வேகம் என்று எண்ணிக்கொள்கிறது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் முதலில் மாறா வேகத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு வெட்டத் தொடங்குங்கள். ஒலியைத் தனிக் கருவியில் பதிந்திருந்தால் இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒத்துப்போகாது. 45 நிமிடப் பாடத்தின் முடிவில் ஒலி 1.8 நொடி பின்தங்கினால், 2,701.8 நொடி ஒலியை 2,700 நொடிக்குச் சுருக்க வேண்டும். ஆடாசிட்டியில் சுருதி மாறாமல் இதைச் செய்யலாம். வெறுமனே நகர்த்தினால் முடிவு சரியாகும், தொடக்கம் கெடும்.

ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளிக் கேமராவை வைத்தால் பத்தில் ஒரு நொடி, அதாவது இரண்டரைப் படம், தாமதம் வந்துவிடும். எட்டாம் வகுப்பு ஒலிப் பாடத்துக்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியவில்லை.

டிவிடியில் எழுதுமுன் ஒலி 48 கிலோஹெர்ட்சில் இருக்கிறதா என்று பாருங்கள். பாட்டுச் சிடியிலிருந்து எடுத்த ஒலி 44.1இல் இருக்கும், அதை முறையாக மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் ஒரே ஒரு வட்டில் எழுதி, கணினியில் அல்லாமல் வீட்டு டிவிடி பிளேயரில் கடைசி ஐந்து நிமிடத்தை ஓட்டிப் பார்த்த பிறகு மற்றவற்றை எழுதுங்கள்.