பள்ளி திறந்தது, பிள்ளைகள் வந்தனரா?

(கோடை விடுமுறைக்குப் பின் பள்ளிகள் திறந்த முதல் வாரத்தில், கழகத்தின் மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்துவிட்டன. மாணவர்களுக்கு அறிவுரை கூறுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். வைகறையில் எழுக, கருத்தூன்றிப் படிக்க என்று கூறி அமர்ந்துவிடலாம். ஆனால், இங்கு வந்திருக்கும் பிள்ளைகளை விட, வராதிருக்கும் பிள்ளைகளைப் பற்றியே என் மனம் எண்ணிக்கொண்டிருக்கிறது. ஆதலால் அவர்களைப் பற்றிப் பேச அனுமதி வேண்டுகிறேன்.

கோடை விடுமுறை எல்லா வீட்டிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. வசதியுள்ள வீட்டில் அது ஓய்வுக் காலம். நம் பிள்ளைகளில் பலருக்கோ, முன்பணம் பெற்றுச் செங்கற் சூளைக்குச் சென்ற பெற்றோர்க்கு உதவியாகக் கல் சுமக்கும் காலம். தேநீர்க் கடையில் குவளை கழுவும் காலம். பெண்பிள்ளையாயின், தாய் கூலிக்குச் செல்லத் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் காலம். அச்சில வாரங்களில் கையில் வரும் காசு, “இன்னும் ஒரு மாதம் இருந்தால் கடன் கொஞ்சம் குறையுமே” என்று பெற்றோரை எண்ணச் செய்கிறது. அந்த ஒரு மாதந்தான் ஜூன் மாதம். ஜூன் கழிந்தால் பாடம் பின்தங்கும். பின்தங்கிய பிள்ளைக்கு வகுப்பில் நுழைய வெட்கம் வரும். வெட்கம் வந்தபின் பள்ளி தூரமாகிவிடும். நம் பிள்ளைகள் பலருடைய படிப்பு தேர்வுக் கூடத்தில் முடிவதில்லை. இவ்வாறு ஓசையின்றி ஜூன் மாதத்தில் முடிந்துவிடுகிறது.

இவர்களுள் எட்டாம் வகுப்பை முடித்தவர்களைப் பற்றி நாம் மிகவும் கவலை கொள்ள வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கே உரியது. ஒன்பதாம் வகுப்பின் வாசலோடு அதன் துணை நின்றுவிடுகிறது. பல ஊர்களில் நடுநிலைப் பள்ளியும் எட்டாம் வகுப்போடு முடிகிறது. உயர்நிலைப் பள்ளி அடுத்த ஊரில் இருக்கிறது. பழைய பள்ளியில் பெயர் நீங்கி, புதிய பள்ளியில் பெயர் ஏறாத அந்த இடைவெளியில்தான் நம் பிள்ளைகள் நழுவிப் போகிறார்கள். சட்டத்தின் கை விடும் இடத்தில் சமுதாயத்தின் கை பற்ற வேண்டாவா?

சேர்ந்துவிட்டால் மட்டும் போதுமா? 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து நமக்காக வாதாடியவர் இரட்டைமலை சீனிவாசன். அவர் 1939இல் வெளியிட்ட தம் ‘ஜீவிய சரித்திர சுருக்க’த்தில் பள்ளிப் பருவத்தைக் குறிப்பிடுகிறார். கோயமுத்தூரில் பயின்றபோது, தம் சாதி தெரிந்துவிடுமோ என்றஞ்சி, மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே நின்று படித்திருந்து, அதன் பின்னரே வகுப்பினுள் செல்வாராம். வகுப்பு முடிந்ததும் பிறர் தம்மை எட்டாதபடி விரைந்து வீட்டுக்கு நடந்துவிடுவாராம். மற்றவர்களோடு கூடி விளையாட முடியாத கொடுமையை எண்ணி எண்ணி மனங்கலங்கியிருக்கிறார். பள்ளியில் பெயர் இருந்தது, தோழமை இல்லை.

அந்தக் காலம் முற்றும் மறைந்துவிடவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நம் மாணவன் ஒருவன் சில நாட்கள் பள்ளிக்கு வராதிருந்தான். காரணம் கேட்டபோதுதான், உடன் பயின்றோர் அவனுக்கு இழைத்த கொடுமை வெளிப்பட்டது. அதை வெளியிட்டதற்காக அவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். அதே மாணவன் 2024ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றான் என்பதை இங்குள்ள ஒவ்வொரு மாணவனும் நினைவிற் கொள்க. அந்நிகழ்ச்சிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிநாயகம் சந்துரு குழு, சாதி அடையாளக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யுமாறு பரிந்துரைத்தது. மாணவர்களே! பிறர் கயிறு கட்டுகிறார்கள் என்று நீங்களும் ஒரு கயிறு கட்டாதீர்கள். கொடுமை நேர்ந்தால் மறைக்காதீர்கள். ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் கழகத்திடமும் கூறுங்கள்.

இளைஞர்களே! உங்களிடம் நான் வேண்டுவது மூன்று. முதலாவது, தெருவுக்கு இருவராகச் சென்று, எட்டும் பத்தும் முடித்த பிள்ளைகளின் பட்டியல் எடுங்கள். பதினைந்து நாளுக்குள் பள்ளி சேராதவர் எங்கிருக்கிறார் என்று தேடுங்கள். சூளையாயின் சூளைக்கே செல்லுங்கள். பெற்றோரைக் கடிந்து பேசாதீர்கள். கடன் அவர்களுக்கல்லவா தெரியும்! இரண்டாவது, மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்கு இவற்றைச் சரிபார்த்துக் கொடுங்கள். 9, 10ஆம் வகுப்பினர்க்கென 2012இல் தொடங்கிய மைய அரசின் உதவித்தொகை, ஒரு தாள் குறைந்ததால் கிட்டாமற் போவது வேதனையன்றோ? மூன்றாவது, புதிய பள்ளிக்குச் செல்லும் சிறுவனை முதல் வாரத்தில் தனியே அனுப்பாதீர்கள். மூத்த மாணவர் ஒருவர் உடன் நடக்கட்டும். உணவு வேளையில் உடன் அமரட்டும்.

அண்ணல் அம்பேத்கர் 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கினார். அச்சபை அடுத்த ஆண்டே சோலாப்பூரில் மாணவர் விடுதி ஒன்றைத் திறந்தது. படிக்க வரும் பிள்ளைக்குத் தங்க இடமும், உண்ண உணவும், உடனிருக்க ஆளும் வேண்டும் என்பதை அவர் தம் வாழ்வால் அறிந்திருந்தார். நம் கழகத்தின் இருபத்தைந்து ஆண்டுப் பணியும் அவ்வழியில் வந்ததே.

வெள்ளி விழாவிற்குப் பந்தலும் தோரணமும் வேண்டியவையே. ஆயினும், இம்மாத இறுதியில் நம் தெருப் பிள்ளைகளின் இடம் எந்த வகுப்பிலும் காலியாக இல்லை என்ற செய்தி வருமாயின், அதுவே நம் விழா. அப்பணியை நாளைக் காலையே தொடங்குவோம் எனக் கேட்டு அமர்கிறேன்.