விளக்கு மட்டும் போதுமா?



மே திங்கள் 12ஆம் நாள், செவிலியர் நாள். அன்று மாலை வருகிறது, மலர் வருகிறது, மேடையிலே மாண்புமிகுக்கள் வருகிறார்கள். "செவிலியர் மனிதரல்லர், நடமாடும் தெய்வங்கள்!" என்று வாயாரப் புகழ்கிறார்கள். மறுநாள் காலை அந்தத் தெய்வம் வார்டுக்குள் நுழைந்து, "கையுறை தீர்ந்துவிட்டது" என்கிறது. "மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம்" என்று விடை வருகிறது. தெய்வமாம்! ஆனால் பண்டகசாலையின் திறவுகோல் மட்டும் அந்தத் தெய்வத்திடம் கிடையாதாம்!

பெண்ணைத் தெய்வமென்று கூறிக்கூறியே அடுக்களையில் பூட்டிவைத்த நாடு இது. அந்தப் பூட்டை உடைக்கப் புறப்பட்ட நாம், புகழுரை கேட்டு மயங்கலாமா? நோய் சூழும் நேரத்தில் செவிலிக்குத் தரவேண்டியது புகழா, பொறுப்பா? கைதட்டலா, கட்டளையிடும் உரிமையா? இதுவே இன்றைய கேள்வி.

வரலாற்றைப் புரட்டுவோம். 1854ஆம் ஆண்டு, கிரிமியப் போர். இசுத்தான்புல் நகருக்கு எதிர்க்கரையில், ஸ்கூட்டாரி என்னுமிடத்தில், பிரிட்டிஷ் படையின் மருத்துவமனை. நவம்பரில் 38 செவிலியருடன் வந்திறங்கினார் பிளாரன்சு நைட்டிங்கேல். "பெண்கள் இங்கு எதற்கு?" என்று முகஞ்சுளித்தனர் படை மருத்துவர்கள். காயம்பட்டோர் வெள்ளமெனக் குவிந்த பிறகே வார்டுக் கதவு திறந்தது.

அவர் விளக்கேந்தி நடந்த கதையை நாடறியும். நாடறியாத கதை ஒன்றுண்டு. அந்தக் குளிர்காலம் முழுவதும் விளக்கு எரிந்தது, செவிலியர் கண்விழித்தனர், ஆயினும் சாவு குறையவில்லை, ஏறியது! 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு 42 பேர் மாண்டனர். காரணம்? கட்டடத்தின் அடியிலேயே தேங்கிக் கிடந்த கழிவுநீர், காற்றோட்டமில்லாத கூடங்கள், நெரிசல். மார்ச்சில் அரசு அனுப்பிய சுகாதாரக் குழு அதிகாரத்தோடு வந்தது. கால்வாயைக் கழுவிற்று, காற்றுக்கு வழி திறந்தது. சில திங்களில் சாவு நூற்றுக்கு 2 ஆக வீழ்ந்தது.

பாடம் புரிகிறதா, தோழர்களே? அன்பு இருந்தது, அதிகாரம் இல்லை, மடிந்தனர். அன்போடு அதிகாரமும் சேர்ந்தது, பிழைத்தனர். நைட்டிங்கேலுக்குத் துணைநின்றது விளக்கு மட்டுமா? சட்டையும் துண்டும் கிண்ணமும் வாங்க 'டைம்சு' ஏடு திரட்டிய நிதி அவர் கைவசம் இருந்தது. போர்த்துறை அமைச்சர் சிட்னி எர்பர்ட்டின் ஆதரவும் இருந்தது. நாடு திரும்பியதும் அவர் சிலை கேட்கவில்லை. சாவுக் கணக்கை வட்டப்படமாக வரைந்து 1858இல் ஆள்வோர்முன் வைத்தார். 1860இல் இலண்டன் புனித தாமசு மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி கண்டார். மேடையிலே விளக்கேந்தும் காட்சிக்குக் கைதட்டல் கிடைக்கும். கணக்கேடு புரட்டும் காட்சிக்குக் கிடைக்காது. நாடகமெழுதுவோர் அறிந்த உண்மை இது. ஆனால் உயிர்காக்கும் வழியைக் காட்டியது கணக்கேடுதான்!

அதே போருக்குச் செல்ல விழைந்தார் இன்னொரு மாதரசி, சமைக்காவில் பிறந்த மேரி சீகோல். காலரா நோயாளிகளைப் பேணித் தேர்ந்தவர். கறுப்பினக் குருதி ஓடியவர். இலண்டனிலே கதவு சாத்தப்பட்டது. சொந்தப் பணத்தில் போனார், போர்முனைக்கருகே விடுதி கட்டினார், வீரர்களைப் பேணினார், போர் முடிந்ததும் கடனாளியாகத் திரும்பினார். தகுதி இருந்தும் துணைநிற்க அரசு இல்லையேல் தலைமை என்னவாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பழங்கதை என்பீர்களோ? 2020க்கு வாருங்கள். கொரோனா கொடுங்கரம் நீட்டிய ஆண்டு. மார்ச் 22 மாலை நாடெங்கும் கைதட்டினர், தட்டுகளைத் தட்டினர். மே 3 அன்று வானூர்தியிலிருந்து மலர் தூவினர். மலர் தூவப்பட்ட அந்தத் தலைகளிலே ஒன்றை எண்ணிப்பாருங்கள். தமிழகத்தில் 2015இல் தேர்வெழுதி, 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவள். ஈராண்டில் நிரந்தரம் என்ற உறுதியை நம்பியவள். அது நிறைவேறாததால் 2017 நவம்பரில் தேனாம்பேட்டை மருத்துவ வளாகத்தில் அமர்ந்து போராடியவள். கொள்ளைநோய் வந்தபோதும் அவளைப் போன்ற ஆயிரக்கணக்கானோர் தொகுப்பூதியத்திலேயே இருந்தனர். நாளை வேலை உண்டோ இல்லையோ என்றிருப்பவள், "இந்த ஏற்பாடு தவறு" என்று அதிகாரிமுன் நிமிர்ந்து கூற முடியுமா? நிரந்தரமில்லாத நாற்காலியில் தலைமை எப்படி அமரும்?

"மருத்துவர் இருக்கையில் செவிலிக்கு ஏன் தலைமை?" என்று கேட்போர் உண்டு. மருத்துவருக்குப் போட்டியாக அல்ல, ஐயா! மருத்துவர் வந்து பார்த்துச் செல்கிறார். செவிலியோ படுக்கையருகே நிற்கிறாள். நள்ளிரவு இரண்டு மணிக்கு எவருக்கு மூச்சுத் திணறுகிறது, எந்த உருளையில் உயிர்வளி தீர்கிறது, எந்த வார்டில் தொற்று தாவுகிறது என்பதை முதலில் காண்பவள் அவள். முதலில் காண்பவளுக்கு முடிவெடுக்கும் அவையில் இடமில்லை என்றால், அந்த அவைக்குக் கண்ணில்லை என்றே பொருள்!

உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் கூறிற்று: நலவாழ்வுப் பணியாளருள் நூற்றுக்கு 70 பேர் பெண்கள், தலைமைப் பதவிகளிலோ 25 பேர்தான். மறு ஆண்டு கூறிற்று: உலகில் 59 இலட்சம் செவிலியர் பற்றாக்குறை. உழைப்பது ஒரு பால், ஆள்வது மறு பால். இந்த அநீதிக்குத்தானே நாம் எதிரிகள்?

ஆகவே, ஆட்சியிலிருப்போர் யாராயினும் கேட்போம். கொள்ளைநோய்க் குழு எதிலும் செவிலியர் தலைவிக்கு வாக்குரிமையோடு இடம் வேண்டும். அவசரப் பொருளை அன்றே வாங்க அவள் கையில் நிதி வேண்டும். ஒப்பந்தம் ஒழிந்து நிரந்தரப் பணியிடம் வேண்டும். நிருவாகத்திலும் நோய்க்கணக்கிலும் அரசுச் செலவில் உயர்பயிற்சி வேண்டும். இதைச் செலவென்பான் உழவறியாதவன், இது விதைநெல். வெள்ளம் வந்தபின் கரை கட்டுவது மதியன்று. நோய் வருமுன் தலைமையை வளர்ப்பதே மதி.

தோழனே! உன் கிளைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக்கு. உன் ஊர் மருத்துவமனைக்குச் செல், "எத்தனை பணியிடம், எத்தனை காலி?" என்று கேள், விடையை ஊர்மன்றத்தில் வை. அடுத்த மே 12இல் மாலையோடு வருவோரிடம் மரியாதையாகவே கூறு:

விளக்கைக் கொடுத்தது போதும், திறவுகோலைக் கொடுங்கள்!