குடும்ப வைத்தியர்கள் தோட்டத்தில் பயிற்சி பெற வேண்டும்

(தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் தலைவிகளுக்கும் நடத்தப்பட்ட சுகாதாரக் கருத்தரங்கில், குடும்ப மருத்துவப் பயிற்சியிலுள்ள வைத்தியர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



தொழிற்சங்கக் கூட்டத்தில் வைத்தியர்களுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நாங்கள் மருந்தைப் பற்றி மட்டும் பேச வரவில்லை. எங்கள் படிப்பைப் பற்றியும், அந்தப் படிப்புக்கு உங்கள் சங்கம் செய்யக்கூடிய உதவியைப் பற்றியும் பேச வந்திருக்கிறோம்.

"நீங்க எதுக்கு டொக்டர்? இருதயத்துக்கா, கண்ணுக்கா?" என்று எங்களிடம் கேட்பார்கள். எங்கள் துறை குடும்ப மருத்துவம். கைக்குழந்தை முதல் பாட்டி வரை, காய்ச்சல் முதல் மனக்கவலை வரை, முதலில் பார்க்க வேண்டியவர் குடும்ப வைத்தியர். பார்த்து மருந்து கொடுத்து அனுப்புவதோடு அவருடைய வேலை முடிந்துவிடாது. அதே குடும்பத்தை அவர் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

எம்.பி.பி.எஸ். பட்டமும் ஓராண்டு உள்ளகப் பயிற்சியும் முடித்த பிறகு, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் கீழ் இந்தத் துறையில் பயில்கிறோம். பெரிய ஆஸ்பத்திரிகளில் பொது மருத்துவம், பிள்ளை மருத்துவம், மகப்பேறு, மனநலம், தோல் என்று வார்டு வார்டாகக் கற்கிறோம். பிறகு மக்கள் முதலில் வந்து சேரும் சிறிய ஆஸ்பத்திரிகளில் வேலை செய்கிறோம். தோட்டங்கள் சூழ்ந்த பிரதேச வைத்தியசாலைக்கு வந்த பிறகு கற்றவற்றில் சிலவற்றை இன்று சொல்கிறோம்.

ஆஸ்பத்திரி வார்டில் ஒரு நோயாளியின் அட்டையில், 'மருந்து ஒழுங்காக எடுக்காதவர்' என்று எழுதியிருக்கும். பிரஷர் கூடிப்போய், ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு வந்திருப்பார். அவர் ஏன் மருந்தை விட்டார் என்று வார்டில் கேட்க நேரம் இருக்காது. இங்கே கேட்டோம். கிளினிக் நடப்பது வேலைநாள் காலையில். கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும். பஸ் காசு தனி. மாதத்துக்கு ஒரு பேரை இழப்பதா, மாத்திரையை விடுவதா என்று கணக்குப் பார்க்கிறவரிடம், "மருந்தை விடாதீர்கள்" என்று சொல்லி மட்டும் என்ன பயன்? பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மாத்திரை எது என்று புத்தகத்தில் இருக்கிறது. அந்த மாத்திரை வீடு வந்து சேராததற்குக் காரணம் செக்ரோலில் இருக்கிறது.

இன்னொன்று. கொழுந்து பறிக்கும் பெண்கள் சிறுநீர் எரிச்சலோடு திரும்பத் திரும்ப வருகிறார்கள். மருந்து கொடுத்தால் குறையும், இரண்டு மாதத்தில் மறுபடியும் வரும். "தண்ணி நிறையக் குடிங்க" என்று சொல்வது எங்களுக்கு எளிது. மலையில் மலசலகூடம் இல்லை. தண்ணீர் குடித்தால் எங்கே போவது என்று காலையிலிருந்து குடிக்காமலே இருக்கிறார்கள். வயது போனவர்களும் சரி, மாதவிலக்கு நாளில் இருக்கும் இளம்பெண்களும் சரி, இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. இரண்டாம், மூன்றாம் தடவை வரும்போதுதான், அதுவும் அதே வைத்தியர் இருந்தால்தான், சொல்கிறார்கள்.

இருமலோடு வரும் அம்மாமாரில் பலர் ஒருநாளும் சிகரெட் தொட்டதில்லை. ஆனால் புகைபோக்கி இல்லாத லயன் காம்பராவில் முப்பது, நாற்பது வருடம் விறகடுப்பு ஊதியவர்கள். அந்தப் புகையும் நுரையீரலைக் கெடுக்கும். தலையிடி என்று மாதம் மூன்று தடவை வருகிற பெண்ணுக்குப் பனடோல் மட்டும் கொடுத்து அனுப்பினால் வீட்டில் நடக்கும் அடியும் குடியும் வெளியே வராது. அம்மா மத்திய கிழக்கில், அப்பா கொழும்பில், பிள்ளை பாட்டியிடம் என்ற குடும்பத்தில், பிள்ளையின் நிறை குறைந்தால் பாட்டியின் கண் பார்வையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நீங்கள். பல வருடம் தோட்டங்களில் இருக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களும், பிள்ளை மடுவத்து அம்மாமாரும், தோட்ட டிஸ்பென்சரியில் இருப்பவர்களும் சொல்லிக் கொடுத்தார்கள். வார்டில் இவற்றைக் கற்க முடியாது.

தோழர்களே, இந்தப் பிரச்சினை புதிதல்ல. தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி கொடுக்க வேண்டும் என்று 1912ஆம் ஆண்டிலேயே மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. ஆனால் அந்த வசதி தோட்டத்தோடு கட்டப்பட்டதாகவே இருந்தது. நாட்டின் மற்ற மக்களுக்கு அரசாங்கச் சுகாதார சேவை விரிந்தபோது, தோட்ட மக்களின் சுகாதாரம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலேயே நின்றது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992இல் கம்பனிகளிடம் நிர்வாகம் போனது. சில தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்றது, மற்றவை அப்படியே இருக்கின்றன. இன்றும் ஒரு குறை சொல்லப் போனால், 'அது தோட்டத்து வேலை', 'அது அரசாங்கத்து வேலை' என்று இரண்டு பக்கமும் கை காட்டும் நிலை இருக்கிறது.

இதன் விளைவு பிள்ளைகளின் உடம்பில் தெரிகிறது. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் சுமார் 17 வீதம். தோட்டப்புறத்தில் சுமார் 32 வீதம்.

இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸ் என்ற நாட்டில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த கிளின்கோரக் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற குடும்ப வைத்தியர் 1960களிலிருந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். வருத்தம் என்று வந்தவர்களை மட்டும் பார்க்காமல், ஊரில் உள்ளவர்களின் பிரஷரையெல்லாம் தேடித் தேடி அளந்தார். நல்ல வைத்தியம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் அவர் எழுதியது இன்று உலகமெங்கும் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம். அந்த வேல்ஸிலேயே டிரெடிகர் என்ற ஊரில், சுரங்கத் தொழிலாளர் தங்கள் சம்பளத்திலிருந்து பணம் போட்டு வைத்தியர்களை அமர்த்தியிருந்தார்கள். அந்த ஊர்ச் சுரங்கத் தொழிலாளியின் மகன் அனைரின் பெவன் சுகாதார அமைச்சரானார். 1948 ஜூலையில் பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையைத் தொடக்கி வைத்தார். அதே 1948இல்தான் இங்கே பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையக மக்களின் உரிமை பறிபோனது. தொழிலாளர் அமைப்பாக நின்று கேட்டால் வைத்திய சேவையையும் வெல்ல முடியும் என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

இப்போது எங்கள் வேண்டுகோள்கள்.

முதலாவது, கிளினிக் நாள். நீடித்த நோயுள்ளவர் மாதத்தில் ஒரு நாள் கிளினிக் போனால் பேர் வெட்டக்கூடாது. அல்லது ஞாயிறு, போயா நாள்களிலும் மாலையிலும் தோட்டத்துக்கே கிளினிக் வர வேண்டும். சம்பளப் பேச்சுவார்த்தையில் இதையும் வையுங்கள்.

இரண்டாவது, மலையில் மலசலகூடமும் குடிதண்ணீரும். இதை நலன்புரிச் சலுகையாகக் கேட்காதீர்கள். தொழில்சார் நோயைத் தடுக்கும் கோரிக்கையாகக் கேளுங்கள். அதற்கு வேண்டிய மருத்துவ விளக்கத்தை எழுதித் தர எங்களைப் போன்றவர்கள் தயார்.

மூன்றாவது, மொழி. தமிழும் அரசகரும மொழி. ஆனாலும் தாயின் மாதவிலக்குக் கோளாறை வைத்தியரிடம் சிங்களத்தில் சொல்ல பத்து வயது மகனைக் கூட்டி வரும் நிலை இருக்கிறது. அந்தத் தாய் பாதியைத்தான் சொல்வார். எங்களில் சிங்களம் பேசும் வைத்தியர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தமிழ் கற்க விரும்புகிறார்கள். அதையும் பயிற்சியின் ஒரு பகுதியாக்க வேண்டும். மறுபக்கம், தோட்டப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்கும் ஆசிரியர்களுக்கும் போராடுங்கள். நாளை இந்த இடத்தில் நின்று பேச வேண்டியவர்கள் உங்கள் பிள்ளைகள்.

நான்காவதுதான் முக்கியமானது. குடும்ப மருத்துவப் பயிற்சியில் தோட்டப்புறச் சேவை ஒரு நிலையான பகுதியாக வேண்டும். மேற்பார்வை செய்ய அனுபவமுள்ள வைத்தியரும், தங்க இடமும், குடும்பத்துக்கொரு பதிவேடும் வேண்டும். பயிற்சி முடித்தவருக்கு இங்கேயே நிரந்தரப் பதவி இருக்க வேண்டும். "மொகம் பழகுறதுக்குள்ள டொக்டரை மாத்திடுறாங்க" என்று எங்களிடம் எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். எங்களுக்கும் இடமாற்றம் வரும். அதனால்தான் தனிப்பட்ட வைத்தியரின் நல்ல மனதை நம்பாமல், பதவியையே இங்கே உருவாக்கும்படி சுகாதார அமைச்சிடம் கேளுங்கள் என்கிறோம்.

கோரிக்கைகள் வெல்லும்வரை காத்திருக்கத் தேவையில்லாத சில விஷயங்களும் உண்டு. கிளினிக் கொப்பியையும் பழைய மாத்திரை உறைகளையும் எறியாதீர்கள், வரும்போது கொண்டு வாருங்கள். குடிக்கும் கசாயத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். இரத்தம் குறைந்தவர்கள் ரொட்டி சாப்பிட்ட கையோடு சாயம் குடிக்காமல் ஒரு மணித்தியாலம் விடுங்கள். தேயிலை, சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. தேசிக்காய், கொய்யா சேர்த்தால் நல்லது. வெற்றிலையும் புகையிலையும் போடுபவர்களுக்கு வாயில் வெள்ளைத் தழும்போ, இரண்டு மூன்று கிழமைக்கு மேல் ஆறாத புண்ணோ இருந்தால் வலி இல்லாவிட்டாலும் காட்டுங்கள். குளவி கொட்டி, முகம் வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ, மயக்கம் வந்தாலோ, கொட்டிய எண்ணிக்கை அதிகமானாலோ, நேரம் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள். அதற்கான வாகனம் எது, யாரைக் கூப்பிடுவது என்பதைத் தோட்டக் கமிட்டி இன்றே தீர்மானித்து வைக்கட்டும்.

தலைவிமாருக்கு ஒரு வார்த்தை. 35 வயதான பெண்களுக்குச் சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்கூட்டியே அறியும் சோதனை அங்கே இலவசமாகச் செய்யப்படுகிறது. வெட்கத்தால் வராதவர்கள் பலர். ஒரு தலைவி பத்துப் பேரைக் கூட்டி வந்தால், எங்கள் பத்து விளம்பரப் பலகைகளை விட அது மேல்.

உங்கள் உடம்பு என்ன பாடுபடுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதை நீங்கள் சொல்ல நேரமும், மொழியும், கேட்பதற்கு ஒரே வைத்தியரும் வேண்டும். இந்த மூன்றையும் வாங்கித் தரும் பலம் சங்கத்துக்கு இருக்கிறது என்று நம்புகிறோம். கற்றுக்கொள்ள நாங்கள் தயாராக இருக்கிறோம்.