அறிஞர் எந்தப் பக்கம்?

தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்திருக்கும் பேராளர்களே, சிங்கப்பூர்த் தமிழாசிரியர்களே, மாணவர்களே, விடுமுறை நாளை எங்களுக்காக ஒதுக்கிப் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊழியர் தோழர்களே!

கருத்தரங்கத் தலைமையுரை என்றால் துறையின் வளர்ச்சியை எடுத்துரைத்து, கட்டுரையாளர்களை வாழ்த்தி அமர்வது மரபு. வாழ்த்து உண்டு. வளர்ச்சியைப் பற்றிப் பேசத்தான் இன்று மனம் வரவில்லை. நாம் எழுதுவதை மக்கள் நம்புகிறார்களா என்ற கேள்வி சில ஆண்டுகளாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. கல்வெட்டைப் பற்றியோ தடுப்பூசியைப் பற்றியோ அணு உலையைப் பற்றியோ ஒருவர் பேச எழுந்தால், அவர் என்ன சொல்லப்போகிறார் என்பதற்கு முன்பே அவர் எந்தப் பக்கத்து ஆள் என்று விசாரிக்கிறார்கள். விடை கிடைத்ததும் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொள்கிறார்கள், மீதிப் பேர் கைதட்டத் தொடங்குகிறார்கள். இரண்டு தரப்பிலும் கேட்பவர் இல்லை.

உலகம் முழுவதும் இதே நிலைதான். 2016 ஜூனில், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதா வேண்டாமா என்ற வாக்கெடுப்புக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, நிபுணர்கள் பேச்சு மக்களுக்கு அலுத்துவிட்டது என்று பிரிட்டிஷ் அமைச்சர் மைக்கேல் கோவ் தொலைக்காட்சியில் சொன்னார். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டிலேயே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட தட்டம்மை, 2025இல் டெக்சஸ் மாநிலத்தில் தடுப்பூசி போடாத இரண்டு குழந்தைகளின் உயிரைக் கொண்டுபோனது. இதையெல்லாம் மக்களின் அறியாமை என்று சொல்லிவிடுவது சுலபம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவநம்பிக்கை பெரும்பாலும் ஏதோ ஓர் அனுபவத்திலிருந்து பிறக்கிறது. அந்த அனுபவத்தைத் தேடிப் பார்க்க நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை.

சிங்கப்பூரின் இந்த வட்டாரத்தில்தான் ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷயர் ரோடும் சந்திக்கின்றன. 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. வெளிநாட்டு ஊழியர்களைத் தங்குவிடுதிக்கு ஏற்றிச் செல்லும் பேருந்தின் சக்கரத்தில் தமிழகத்து இளைஞர் ஒருவர் சிக்கி இறந்தார். உதவிக்கு விரைந்து வந்தவர்களுக்கு அவர் உயிர் போய்விட்டது தெரிந்திருந்தது. சூழ்ந்து நின்ற கூட்டத்துக்கு அது தெரியாது. கூட்டத்தின் கண்ணுக்குத் தெரிந்தது வேறு: பேருந்து ஓட்டுநரையும் நேரக் கண்காணிப்பாளரையும் அதிகாரிகள் பாதுகாக்கிறார்கள், நம்மவன் கேட்பாரற்றுக் கிடக்கிறான். கல் பறந்தது. காவல்துறை வாகனங்கள் கவிழ்ந்தன, ஆம்புலன்ஸ் எரிந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த நகரம் காணாத கலவரம் அது.

முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. பொது விசாரணை நடத்தி 2014 ஜூனில் அறிக்கை தந்தது. விபத்தைப் பற்றியும் மீட்புப் பணியைப் பற்றியும் கூட்டத்துக்கு ஏற்பட்ட தவறான புரிதல், அங்கேயே தண்டனை கொடுத்துவிட வேண்டும் என்ற வேகம், மது ஆகியவற்றைக் காரணங்களாக அது சொன்னது. ஊழியர்களின் வேலை, வாழ்க்கை நிலை மீதான அதிருப்தி காரணமல்ல என்றும் சொன்னது. இந்தக் கடைசி முடிவைத் தொண்டூழியர்கள் பலர் ஏற்கவில்லை. என் கருத்து இது: குழு சொன்ன முதல் காரணத்தையே இன்னும் ஆழமாகத் தோண்டியிருக்க வேண்டும். ஒரு சீருடை அதிகாரி மருத்துவ உண்மையைச் சொல்லும்போது அதை நம்புவதற்கு, அவருக்கும் கேட்பவருக்கும் நடுவே முன்பே ஓர் உறவு இருந்திருக்க வேண்டும். ஊழியர்கள் வாரம் ஒருமுறை இங்கு வந்து, ஊருக்குப் பணம் அனுப்பி, காய்கறி வாங்கி, கூட்டாளிகளோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் பேருந்தேறிப் போனார்கள். அந்த உறவு வளர எந்த இடமும் இருக்கவில்லை.

மறுநாளே ஊர் இரண்டாகப் பிரிந்தது. வெளிநாட்டு ஊழியர்களே இப்படித்தான் என்று ஒரு தரப்பு சொன்னது. இது சுரண்டலுக்கு எதிரான எழுச்சி என்று இன்னொரு தரப்பு சொன்னது. விசாரணை தொடங்க இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது, ஆனால் தீர்ப்பு அதற்குள் எழுதப்பட்டுவிட்டது. அறிக்கை வந்தபோது தத்தம் பக்கத்துக்கு உதவும் வரிகளை மட்டும் இரு தரப்பும் எடுத்துக்கொண்டன.

அறிவு எங்கே இருக்கிறது என்ற கேள்வியும் இங்கு எழுகிறது. இந்த வட்டாரத்தின் கஃப் ரோட்டில், வேலையிழந்தும் காயப்பட்டும் நிற்கும் ஊழியர்களுக்கு டிடபிள்யூசி2 என்ற தொண்டூழிய அமைப்பு 2008 முதல் இலவச உணவு வழங்கியது. அவர்களோடு அன்றாடம் பழகிய அந்த அமைப்பு, ஒரே அறையில் பலர் நெருக்கியடித்துப் படுக்கும் விடுதிகளில் கொரோனா கிருமி நுழைந்தால் என்னாகும் என்று 2020 மார்ச்சில் நாளிதழுக்கு எழுதிய கடிதத்தில் எச்சரித்தது. ஏப்ரலில் அது நடந்தது. விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்ததாக அவ்வாண்டு டிசம்பரில் அமைச்சுகளே அறிவித்தன. அந்த எச்சரிக்கையை எழுதியவர்கள் கையில் ஆய்வுக்கூடம் இல்லை. ஆனால் அந்த அறைகளில் எத்தனை கட்டில்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அதையும் நிபுணத்துவம் என்றே நான் அழைப்பேன். படித்தவர்கள் பேச்சை மக்கள் கேட்பதில்லை என்று குறைப்படும் நாம், மக்களோடு இருப்பவர்கள் பேச்சைப் படித்தவர்கள் எப்போது கேட்டோம் என்றும் சொல்ல வேண்டும்.

அதே ஆண்டில் நம்பிக்கை எப்படிக் காக்கப்படுகிறது என்பதையும் பார்த்தோம். நலமாக இருப்பவர்கள் முகக்கவசம் அணிய வேண்டியதில்லை என்று 2020 ஜனவரியில் சொன்ன அதே அரசாங்கம், ஏப்ரல் 14 முதல் வெளியே வரும் எல்லோருக்கும் அதைக் கட்டாயமாக்கியது. அறிகுறியே இல்லாதவர்களிடமிருந்தும் தொற்று பரவுகிறது என்ற புதிய சான்றைக் காட்டி மாற்றத்துக்குக் காரணம் சொன்னார்கள். முணுமுணுப்பு இருந்தது, ஆனால் மக்கள் ஏற்றார்கள். டிரேஸ்டுகெதர் என்ற தடமறிச் செயலியின் விவகாரம் வேறு மாதிரி. அதன் தரவு தொற்றுத் தடம் காண மட்டுமே பயன்படும் என்று உறுதி சொல்லியிருந்தார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி காவல்துறையும் அதைப் பெற முடியும் என்று 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரிய வந்தபோது மக்கள் கொதித்தார்கள். அடுத்த மாதம் அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் தவறு தம்முடையது என்று நாடாளுமன்றத்தில் ஏற்றுக்கொண்டார். ஏழு வகைக் கடுமையான குற்றங்களுக்கு மட்டுமே தரவைப் பயன்படுத்தலாம் என்று சட்டம் இயற்றப்பட்டது. கருத்து மாறியதை மக்கள் மன்னித்தார்கள். வாக்குத் தவறியதை, பொறுப்பேற்கும்வரை மன்னிக்கவில்லை. இந்த வேறுபாட்டை ஆய்வாளர்களாகிய நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

அரசாங்கத்தையும் அமைச்சர்களையும் பற்றிப் பேசியது போதும். நம் கதைக்கு வருகிறேன்.

1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வுத் துறை தொடங்கத் திட்டமிட்டார்கள். பல்கலைக்கழகம் அப்போது இந்த ஊரில்தான் இருந்தது. ஆலோசனை சொல்ல வந்தவர் வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி. சோழர் வரலாற்றில் அவருக்கு நிகர் யாருமில்லை. அவர் சமஸ்கிருதத்துக்கு முதன்மை தரப் பரிந்துரைத்தார். இங்கிருந்த இந்தியர்களில் பெரும்பான்மையோர் தமிழர்கள். தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி எதிர்த்து எழுதினார், கூட்டம் போட்டார், ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டினார். தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். 1956இல் துறை தொடங்கியபோது தமிழ் அதன் மொழியாக அமைந்தது. ஒரு பேரறிஞரின் கருத்தைப் பாமரர்கள் தோற்கடித்த கதையாகச் சிலர் இதைச் சொல்வார்கள். எனக்கு அது அப்படித் தெரியவில்லை. தாங்கள் ஒருநாளும் படிக்கப் போகாத ஒரு துறைக்குத் தொழிலாளர்கள் காசு கொடுத்தார்கள். ஆராய்ச்சியின் மேல் அதைவிடப் பெரிய நம்பிக்கை எங்கே உண்டு?

கோலாலம்பூருக்கு இடம் பெயர்ந்த அதே துறைக்குத்தான் 1961இல் தனிநாயகம் அடிகள் தலைவராக வந்தார். 1964இல் டெல்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் மாநாட்டை நடத்தினார். கூலித் தொழிலாளி கொடுத்த காசின் தொடர்ச்சியாகவே அந்த மாநாட்டை நான் காண்கிறேன்.

அந்தச் சொத்தை நாம் என்ன செய்தோம்? 1995 தஞ்சை மாநாட்டுக்கு வந்த பேராசிரியர் கா. சிவத்தம்பி உள்ளிட்ட இலங்கைத் தமிழறிஞர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2010இல் ஒன்பதாவது மாநாட்டைக் கோவையில் நடத்த ஆட்சியாளர்கள் விரும்பியபோது, மன்றத்தின் தலைவர் நொபுரு கராஷிமா தரமான ஆய்வுக் கட்டுரைகளுக்குக் கூடுதல் காலம் வேண்டும் என்றார். அவகாசம் போதவில்லை. மன்றம் இல்லாமலே செம்மொழி மாநாடு என்ற பெயரில் விழா நடந்தது. கல்வெட்டுகளுக்காகத் தம் வாழ்நாளைக் கொடுத்த அந்த ஜப்பானிய அறிஞர் மன்றத்தை விட்டு விலகினார். அதன்பின் மன்றமே அணிகளாகப் பிரிந்தது. 2023 ஜூலையில் பதினொன்றாவது மாநாடு என்ற ஒரே பெயரில் சென்னையில் ஒன்றும் கோலாலம்பூரில் ஒன்றும் நடந்தன. எது உண்மையான மாநாடு என்று ஒரு மாணவர் கேட்டால் நம்மிடம் என்ன பதில் இருக்கிறது? இதை நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

கீழடி அகழாய்வில் பட்ட காயமும் இன்னும் ஆறவில்லை. அங்கே அகழாய்வைத் தொடங்கிய மத்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணா, 2017இல் அசாமுக்கு மாற்றப்பட்டார். அவர் 2023 ஜனவரியில் கொடுத்த 982 பக்க அறிக்கையை, திருத்தங்கள் வேண்டும் என்று துறை 2025 மேயில் திருப்பி அனுப்பியது. தம் முடிவுகளில் உறுதியாக நிற்பதாக அவர் பதில் எழுதினார். அடுத்த மாதம் மீண்டும் இடமாற்றம் வந்தது. காலக்கணிப்பில் ஐயம் இருந்தால் அறிக்கையை வெளியிட்டு, அதன்மேல் மறுப்பையும் வெளியிட்டிருக்கலாம். ஆய்வாளரை இடம் மாற்றிக்கொண்டே இருந்தால், நாளை அந்தத் துறை சரியான ஒன்றைச் சொன்னாலும் தமிழ் மக்கள் நம்ப மாட்டார்கள். அந்த இழப்பு தமிழுக்கு மட்டும் உரியதல்ல.

ஆனால் இந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை, 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த ஒரு கரிம மாதிரி கி.மு. 580ஐக் காட்டுவதாகச் சொன்னது. அது அருமையான கண்டுபிடிப்பு. ஒரு மாதிரியின் மேல் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று கேட்பதும் ஆய்வுதான். தமிழகத்தின் சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்கிறது என்று 2025 ஜனவரியில் முதல்வர் மேடையிலேயே அறிவித்தார். வெவ்வேறு ஆய்வுக்கூடங்களின் முடிவுகள் அதற்குப் பின்னால் இருக்கின்றன, அவற்றை நான் மதிக்கிறேன். ஆயினும் அரசியல் மேடையிலிருந்து வெளிவரும் காலக்கணிப்பை எதிர்த்துக் கேள்வி கேட்கும் தமிழ் ஆய்வாளர் இனத்துரோகி ஆகிவிடுகிறார். தனிப்பேச்சில் ஐயம் சொல்லிவிட்டு மேடையில் மௌனம் காக்கும் அறிஞர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். அந்த மௌனத்தை மக்கள் கவனிக்காமல் இல்லை. எதிர்த்தரப்பின் பிழையை மட்டும் காணும் அறிஞரை அவருடைய தரப்புக்கூட உள்ளூர நம்புவதில்லை, தேவைக்கு அழைத்துப் பயன்படுத்திக்கொள்கிறது.

ஆய்வாளருக்கு அரசியல் கூடாது என்று நான் சொல்லவில்லை. சாரங்கபாணிக்கு அரசியல் இருந்தது, அவரை எதிர்த்தவர்களுக்கும் இருந்தது. எனக்கும் உண்டு. தான் நிற்கும் இடத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, தனக்குப் பிடிக்காத சான்றையும் மேசைமேல் வைப்பவரை எதிரணியும் நம்பும்.

ஆகவே கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த இரண்டு நாளில் கட்டுரை படிக்கும் ஒவ்வொருவரும், தங்கள் முடிவைப் பலவீனப்படுத்தக்கூடிய சான்று எது என்பதையும் தாங்களே சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்குங்கள். அமர்வுத் தலைவர்களும் அதை நினைவூட்ட வேண்டும். கேள்வி நேரத்தில் முதல் கேள்வி பின்வரிசையிலிருந்து வரட்டும். பேராசிரியர்கள் சற்றுக் காத்திருப்பார்கள். கட்டுமானத் தளத்திலிருந்தும் கப்பல் பட்டறையிலிருந்தும் வந்திருக்கும் தோழர்கள் கேட்கும் கேள்விக்கு அவர்களுக்கு விளங்கும் தமிழில் பதில் சொல்ல முடியவில்லை என்றால், அந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் மீண்டும் எழுதித் தாருங்கள். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.