முதல் பேஸ் கிட்டார், முதல் ஆம்ப்: 25,000 ரூபாயை எப்படிப் பிரிக்கிறது?

இந்த வாரம் வேற ஒரு விஷயம் பேசுறதா இருந்தேன், அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிட்டேன். காரணம், பெருங்களத்தூர்ல இருந்து ஒரு அக்கா அனுப்பின வாய்ஸ் மெசேஜ்.

அவங்க பையன் பிளஸ் ஒன் படிக்கிறான். அவங்க சர்ச் கொயர்ல பேஸ் வாசிச்ச அண்ணனுக்கு பெங்களூர்ல வேலை கிடைச்சு, கிட்டாரையும் கையோட எடுத்துட்டுப் போயிட்டாரு. பையனுக்கு ஏற்கனவே சாதா கிட்டார் கொஞ்சம் வரும். அதனால, "கிறிஸ்துமஸுக்குள்ள நீ பேஸ் கத்துக்கோ"ன்னு சொல்லிட்டாங்க. சீட்டு எடுத்த பணத்துல அக்கா 25,000 ரூபாய் ஒதுக்கி வச்சிருக்காங்க. மெசேஜ் முடிவுல, "தம்பி, இது ஒரு தடவைதான். தப்பா வாங்கிட்டா மறுபடி வாங்க நம்மால முடியாது"ன்னு சொன்னாங்க. அதைக் கேட்டதும் எனக்கு என் அப்பா ஞாபகம் வந்துட்டாரு.

நான் காலேஜ் முதல் வருஷம் படிக்கும்போது, தாம்பரம் ரயில்வே கார் ஷெட்ல வேலை பார்த்த அப்பாவோட போனஸ் பணத்துல ஒரு பேஸ் வாங்கினேன். அஞ்சு தந்தி, பளபளன்னு சிவப்பு கலர், தோள்ல மாட்டினா கல்லு மாதிரி கனம். பேரு கேள்விப்படாத கம்பெனி. பார்க்க நல்லா இருந்தது, அவ்வளவுதான் நான் பார்த்தது. ஆம்ப் வாங்க காசு இல்ல. வீட்ல இருந்த டூ-இன்-ஒன் செட்ல செருகினேன். முதல் நாள் நல்லாத்தான் இருந்தது. மூணாவது நாள் சத்தத்தைக் கூட்டினேன். பர்ர்ருன்னு ஒரு சத்தம், ஸ்பீக்கர் கிழிஞ்சுது. காலையில பக்திப் பாட்டு, ராத்திரி செய்தி, எல்லாம் அப்பாவுக்கு அந்த செட்லதான். அவர் என்னைத் திட்டவே இல்ல. ரெண்டு வருஷம் அந்த செட்டை ஒரு பக்க ஸ்பீக்கரோடவே கேட்டாரு.

ஸ்பீக்கர் ஏன் கிழிஞ்சுதுன்னு புரிஞ்சுக்கிட்டா ஆம்ப் விஷயம் பாதி முடிஞ்சுது. சாதா கிட்டாரோட அடித் தந்தி நொடிக்கு ஏறக்குறைய 82 தடவை அதிரும். பேஸோட அடித் தந்தி 41 தடவை. சரியா பாதி, அதாவது ஒரு ஸ்தாயி கீழே. சுருதி கீழே போகப் போக, அதே சத்தம் வரணும்னா ஸ்பீக்கர் கூம்பு இன்னும் அதிகமா முன்னும் பின்னும் போகணும், இன்னும் நிறைய காத்தைத் தள்ளணும். பாட்டு கேக்குறதுக்குச் செஞ்ச சின்ன ஸ்பீக்கர் அதைத் தாங்காது. கிட்டார் ஆம்பும் அப்படித்தான். மெதுவா வச்சு வாசிச்சா ஒண்ணும் ஆகாது, கூட்டினா போயிடும். பேஸுக்குன்னு செஞ்ச ஆம்ப் வேணும்னு சொல்றது வியாபாரப் பேச்சு இல்ல.

ஆனா அக்காவுக்கு நான் முதல்ல சொல்லப் போறது, பெரிய ஆம்ப் வாங்காதீங்க. அவங்க சர்ச்ல மிக்சர், ஸ்பீக்கர் எல்லாம் இருக்குன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். பேஸை டி.ஐ. பாக்ஸ்னு ஒரு சின்னப் பெட்டி வழியா நேரா மிக்சர்ல கொடுத்துடலாம். அந்தப் பெட்டியும் அங்கே இருக்கு. அப்போ வீட்டுக்கு வேணும்கிறது பையன் காதுக்குக் கேட்டா போதும்கிற அளவு. 15, 25 வாட் ஆம்ப் வீட்டுக்கு ஏகம், ஆனா டிரம்ஸ் பக்கத்துல வச்சா எடுபடாது. ரெண்டுக்கும் ஒரே ஆம்ப் தேடினா மொத்தப் பணமும் அதுலயே போயிடும்.

இன்னொண்ணும் இருக்கு. அவங்க வீடு மாடி போர்ஷன். கீழே ஹவுஸ் ஓனர். பேஸ் சத்தம் சுவர், தளம் வழியா இறங்கும். வாசிக்கிறவனுக்குச் சின்னதா கேக்குறது கீழ்வீட்டுல கட்டில் வரைக்கும் வரும். தாம்பரம், சேலையூர், செம்பாக்கம் பக்கம் ஒட்டி ஒட்டி இருக்கிற வீடுகள்ல குடியிருக்கிறவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஹெட்போன் துளை இருக்கிற ஆம்ப், இல்ல கிட்டார்லயே நேரா செருகுற சின்ன ஹெட்போன் ஆம்ப், வாக்ஸ் ஆம்ப்ளக்ல பேஸுக்குன்னே வர்ற மாதிரி, அதுவே போதும். பேட்டரில ஓடும், கரண்ட் போனாலும் பிராக்டிஸ் நிக்காது.

இப்போ என் கணக்கு. கிட்டாருக்கு 17,000. செட்டப்புக்கு 1,500. கேபிள், ஸ்ட்ராப், பைக்கு 1,500. மீதி 5,000 ஆம்புக்கு, அதுவும் செகண்ட் ஹேண்ட் சின்ன பேஸ் ஆம்ப் கிடைச்சா நல்லது. பணத்தைக் கிட்டார்ல போடுங்கன்னு ஏன் சொல்றேன்னா, மோசமான ஆம்பை மாத்திக்கலாம், மோசமான நெக்கோட மல்லுக்கட்டுற பையன் ஆறு மாசத்துல வாசிக்கிறதையே விட்டுடுவான். தந்தி உயரமா இருந்தா விரல் வலிக்கும். வலிக்கும்போது தனக்குத் திறமை இல்லன்னு நினைச்சுக்குவான். நான் அப்படித்தான் ஒரு வருஷம் நினைச்சேன்.

என்ன கிட்டார்? நாலு தந்தி. அஞ்சு வேண்டாம், சர்ச் பாட்டுக்கும் சினிமாப் பாட்டுக்கும் நாலு தாராளம். லியோ ஃபெண்டர் 1951-ல கொண்டு வந்த பிரிசிஷன் பேஸ் நாலு தந்திதான், நெக் அளவு 34 அங்குலம். இன்னிக்கும் பெரும்பாலான பேஸ் அந்த அளவுலதான் வருது. கை ரொம்பச் சின்னதா இருந்தா 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் பாருங்க. யமஹா டி.ஆர்.பி.எக்ஸ். 174, ஐபனீஸ் ஜி.எஸ்.ஆர். வரிசை, கோர்ட் ஆக்‌ஷன் பேஸ், ஸ்கொயர். கடையில இந்தப் பேருங்களைத்தான் சொல்லுவாங்க, எதுவும் மோசமில்ல. பட்ஜெட்டுக்குள்ள வர்றதைப் பாருங்க. முடிஞ்சா பேட்டரி தேவைப்படாத பேஸிவ் மாடலா எடுங்க. ஆக்டிவ் பேஸ்ல கேபிளைக் கழட்ட மறந்தா பேட்டரி இறங்கிடும், ஆராதனை நடுவுல சத்தம் செத்துப் போகும்.

விலை குறைஞ்சதை வாங்குறதுல பையனுக்குக் கூச்சம் இருந்தா இதைச் சொல்லுங்க. பால் மெக்கார்ட்னி 1961-ல ஹாம்பர்க்ல பேஸ் வாங்கப் போனப்போ ஃபெண்டர் ஏறக்குறைய 100 பவுண்டு. அவர்கிட்ட அவ்வளவு இல்ல. 30 பவுண்டு அளவுல கிடைச்ச ஹாஃப்னர் வாங்கினாரு. அவர் இடது கைக்காரர், அந்தக் கிட்டார் ரெண்டு பக்கமும் ஒரே வடிவமா இருந்ததால திருப்பிப் பிடிச்சாலும் அசிங்கமா தெரியாதுன்னு ஒரு காரணம். (உங்க பையன் இடது கையா இருந்தா முன்னாடியே கடைக்கு போன் பண்ணிக் கேளுங்க அக்கா, எல்லா இடத்துலயும் வச்சிருக்க மாட்டாங்க.)

வாங்குற இடம். தாம்பரத்துல மின்சார ரயில் ஏறி, கிண்டியில மெட்ரோ மாறினா அண்ணா சாலை. 1842-ல தொடங்கின மியூசி மியூசிக்கல் அங்கேதான். ஆன்லைன்ல ரெண்டாயிரம் குறைச்சுக் கிடைக்கலாம், ஆனாலும் முதல் கிட்டாரைக் கையில எடுத்துப் பார்க்காம வாங்காதீங்க. கடையில பையன் பாட்டு வாசிச்சுக் காட்ட வேண்டாம். நாலு தந்தியிலயும் முதல் ஃப்ரெட்ல இருந்து கடைசி வரைக்கும் ஒவ்வொண்ணா அழுத்தி வாசிக்கட்டும். எங்கேயாவது கரகரன்னு வந்தா, சத்தமே செத்துப் போனா, அடுத்த பீஸ் கேளுங்க. அப்புறம் 12-வது ஃப்ரெட். அதுக்கு நேர் மேலே தந்தியை லேசாத் தொட்டு ஒரு சத்தம், அழுத்தி ஒரு சத்தம். போன்ல டியூனர் ஆப் வச்சுப் பார்த்தா ரெண்டும் ஒரே சுருதி காட்டணும். கொஞ்சம் விலகினா செட்டப்ல சரியாகும். வாலியூம், டோன் குமிழ்களைத் திருப்பும்போது கரகரப்பு வரக்கூடாது. பதினைஞ்சு நிமிஷம் தோள்ல மாட்டி நிக்கச் சொல்லுங்க. ஆராதனை ஒரு மணி நேரத்துக்கு மேல, அவன் நின்னுட்டுதான் வாசிக்கணும்.

செட்டப்பை அன்னிக்கே பண்ணாதீங்க. கடை ஏசியில இருந்த மரம் நம்ம வீட்டு ஈரக்காத்துக்கு வரும்போது நெக் கொஞ்சம் வளையலாம். ரெண்டு வாரம் வீட்ல வச்சிட்டு அப்புறம் கொண்டு போங்க. நெக்குக்குள்ள ஓடுற ட்ரஸ் ராட் கம்பியைத் திருப்பி நேராக்கி, தந்தி உயரத்தையும் சுருதியையும் சரி பண்ணித் தருவாங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டி வரலாம். வாசிச்சதும் தந்தியை உலர்ந்த துணியால துடைக்கச் சொல்லுங்க. நம்ம ஊர் வியர்வைக்குத் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும், ஒரு செட் பேஸ் தந்தி சாதா கிட்டார் தந்தியை விட நல்லாவே விலை.

செகண்ட் ஹேண்டா வாங்கலாமான்னும் அக்கா கேட்டிருந்தாங்க. ஜி.எஸ்.டி. சாலை நெடுக காலேஜ்தான். கடைசி வருஷம் முடிச்சு ஊருக்குக் கிளம்புற பசங்க ஏப்ரல், மே மாசத்துல ஆம்பெல்லாம் பாதி விலைக்குத் தள்ளுவாங்க. ஆம்புக்கு நல்ல நேரம் அது. கிட்டாரை மட்டும் பேஸ் தெரிஞ்ச ஒருத்தர் கூட இல்லாம செகண்ட்ல எடுக்காதீங்க. வளைஞ்ச நெக் போட்டோவுல தெரியாது.

ஒரு விஷயம், தயவுசெஞ்சு கவனமா கேளுங்க. ஆம்ப் பிளக்ல மூணாவது முள் எர்த். ரெண்டு முள் அடாப்டர்ல செருகவே செருகாதீங்க. பேஸோட தந்தி, கேபிள் வழியா ஆம்போட உலோகப் பெட்டியோட சேர்ந்திருக்கு. எர்த் இல்லாத ஆம்ப்ல கசிவு இருந்தா அது தந்திக்கு வந்துடும். கை தந்தியில, வாய் மைக்ல பட்டா கரண்ட் உடம்பு வழியா போகும். ஒரு கல்யாண ரிசப்ஷன் மேடையில எனக்கு அது நடந்துச்சு. உதட்டுல சுத்தியலால அடிச்ச மாதிரி இருந்தது, பின்னாடி விழுந்தேன். அடாப்டர் போட்டது வேற யாரும் இல்ல, நான்தான். பழைய வாடகை வீடுகள்ல பிளக்ல மூணு ஓட்டை இருக்கும், பின்னாடி எர்த் ஒயரே இருக்காது. தந்தியைத் தொட்டதும் சுள்ளுன்னு இருந்தா, நிறுத்திட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. அந்த முந்நூறு நானூறு ரூபாயும் கிட்டார் செலவுதான். அதுவரைக்கும் பேட்டரி ஹெட்போன் ஆம்ப்.

கிட்டார் வர்ற வரைக்கும் பையனுக்கு ஒரு வேலை இருக்கு. போன் ஸ்பீக்கர்ல பேஸோட அடிச் சத்தம் வரவே வராது, அதனால ஹெட்போன் மாட்டி இளையராஜா பாட்டுல சசிதரன் வாசிச்சதையும், ரகுமான் பாட்டுல கீத் பீட்டர்ஸ் வாசிச்சதையும் கேக்கட்டும். பாடுறவரை விட்டுட்டு பேஸை மட்டும் பின்தொடர்ந்து, வாயால முணுமுணுக்கட்டும். ஒரு பாட்டு முழுசா முணுமுணுக்க வந்தா பாதி வேலை முடிஞ்சுது.

அக்கா, வர்ற சனிக்கிழமை எனக்கு அண்ணா சாலைப் பக்கம் வேலை இருக்கு. பையனோட பத்து மணிக்கு கிண்டி ஸ்டேஷன் வந்துடுங்க, மெட்ரோ ஏறுற பக்கம் நிக்கிறேன். 25,000-ஐயும் எடுத்துட்டு வர வேண்டாம், 17 போதும். ஆம்பை மே மாசம் பார்த்துக்கலாம்.